கிறிஸ்ரியின் இடது கண்ணும் அன்ரோனெற்றின் கோபமும்

மன்னாருக்குப் பக்கத்துப் பேசாலையில், மீன் காயவைக்கும் கருவாட்டு வாடி வைத்திருக்கும் அன்ரோனெற்றுக்குக் கோபக்காரி என்ற பெயர் நேற்று வந்ததல்ல. காயப்போட்ட மீனை மூடாமல் போன வேலைக்காரப் பெண்களை அவள் ஏசினால், தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றின் இரைச்சலையும் மீறிக் கடற்கரை முழுக்கக் கேட்கும். ஆனால் அதெல்லாம் பொழுது சாய்வதற்குள் அடங்கிவிடுகிற கோபம். ஏச்சு வாங்கினவளுக்கே பிறகு கூப்பிட்டுக் குழம்புக்கு மீன் கொடுத்தனுப்புவாள். அடங்காத கோபம் ஒன்று அவளுக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் வந்தது. அது அவளுடைய மனுசனின் கண்ணால் வந்தது.

மனுசன் கிறிஸ்ரி அவளுக்கு நேர் எதிர். கடலில் சுறா வந்தாலும் வரும், கிறிஸ்ரியின் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வராது என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். படகில் பங்குக்காரர்கள் சண்டை பிடித்தால் அவர் எழுந்து மறுபக்கம் போய் இருந்து வலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் கச்சான் காற்று தொடங்கி, வீட்டு வளவின் ஓலை வேலியை ஒரு பக்கமாகப் பிய்த்துப் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து புருசனும் பெண்சாதியுமாக வேலி அடைத்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்ரி குனிந்து கட்டும்போது, காற்றுக்கு ஒரு காய்ந்த பனையோலை கட்டிலிருந்து விடுபட்டுத் திரும்பி அடித்தது. ஓலை நுனி இடது கண்ணில் பட்டது. அவர் "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வந்து மிச்ச வேலியையும் அடைத்தார்.

அடுத்த நாள் கண் சிவந்து நீராய் ஓடியது.

அந்தக் கிழமை முழுக்க ஊரில் பாதிப்பேருக்கு, ஆளுக்கு ஆள் தொற்றும் கண்ணோய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் நின்றார்கள். அதனால் கிறிஸ்ரியின் கண்ணைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லாய்க் கண்ணோய் என்றார்கள். தாய்ப்பால் விடச் சொன்னார் ஒருவர். பக்கத்து வளவு றஞ்சிதா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. இன்பாஸ் அண்ணையின்ர பாமசியில ஒரு துளி மருந்து இருக்கு. ரெண்டு நாளில கண் பாலாட்டம் வெளுத்திடும்."

இன்பாஸ் இதே ஊரில் பிறந்தவர். மன்னார் பட்டினத்தில் பாமசி வைத்துப் பெரிய ஆளானவர். திருநாளுக்குக் கோயில் முழுக்க மின்விளக்குப் போடுவது அவருடைய உபயம். பிரசங்கத்தின் கடைசியில் பங்குச் சுவாமி அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறுவார். டொக்டருக்குப் படித்தவர் அல்ல. ஆனாலும் ஊரில் பலர் அவரை "டொக்டர்" என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதைத் திருத்தியதில்லை. ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பதைவிட அவருடைய கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பது லேசு. பேசாலை ஆட்களுக்கு அவரிடமிருந்து ஒரு சிரிப்பும் கிடைக்கும்.

அன்ரோனெற் புருசனைக் கூட்டிக்கொண்டு போனாள். கடை நிறையச் சனம். இன்பாஸ் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கழுத்தை நீட்டிக் கிறிஸ்ரியின் கண்ணைப் பார்த்தார். அவ்வளவுதான் பார்வை.

"அண்ணை, இவருக்குப் பனையோலை குத்தினது. வேலி அடைக்கேக்க," என்றாள் அன்ரோனெற்.

"ஊரெல்லாம் கண்ணோய் அக்கா. காலமையிலயிருந்து எங்கட ஆக்கள்தான் வந்துகொண்டிருக்கினம்," என்று சொல்லிக்கொண்டே ஒரு சின்ன மஞ்சள் பெட்டியை எடுத்து வைத்தார். "நாலு நேரம் விடுங்கோ."

"ஓலை குத்தினதெல்லோ? அதுக்கும் இதுதானோ?"

"எல்லாத்துக்கும் கேக்கும்."

அவர் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

மருந்து கேட்டதுதான். இரண்டு நாளில் சிவப்புக் குறைந்தது. நோவும் குறைந்தது. கிறிஸ்ரி கடலுக்குப் போகலாமா என்று பார்த்தார். அன்ரோனெற் வாடியில் வேலை செய்த பெண்களிடம் அந்த மஞ்சள் பெட்டியைப் புகழ்ந்தாள். அதை நினைத்தால் பிற்பாடு அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

பிறகு நோ திரும்பி வந்தது. முன்னையதைவிட மோசமாக வந்தது. கிறிஸ்ரி வெளிச்சத்தில் இருக்க முடியாமல் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார். அன்ரோனெற் மறுபடி மன்னாருக்கு ஓடினாள். இன்பாஸ் ஆளைக் கூட்டி வரச் சொல்லவில்லை. "மருந்து காணாது. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா விடுங்கோ," என்று இன்னொரு மஞ்சள் பெட்டி கொடுத்தார். அவள் விட்டாள். சொன்னபடியே தவறாமல் விட்டாள்.

ஒரு காலை அவரை முற்றத்துக்குக் கூட்டி வந்து இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணின் கருவிழியில், உப்புக்கல் ஒன்று ஒட்டிக்கொண்டதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. விரலால் துடைக்கப் பார்த்தாள். அது துடைபடுகிற புள்ளி அல்ல.

"இஞ்சேருங்கோ, மற்றக் கண்ணைப் பொத்துங்கோ. என்னைத் தெரியுதோ?"

"புகைமாதிரிக் கிடக்கு," என்றார் கிறிஸ்ரி.

ஓட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கண் கிளினிக்கில் டொக்டர் கிறிஸ்ரியின் தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, ஒளிக்கீற்றை விட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "கண்ணில என்ன பட்டது?" என்றுதான் முதலில் கேட்டார். பனையோலை என்றதும் தலையை ஆட்டினார். "என்ன மருந்து விட்டனீங்கள்?" என்று கேட்டார். அன்ரோனெற் கைப்பையிலிருந்து மஞ்சள் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அதன் பெயரைப் படித்ததும் டொக்டரின் முகம் இறுகியது.

"ஆர் இதை எழுதித் தந்தது?"

"ஒருத்தரும் எழுதேல்லை டொக்டர். பாமசியில தந்தவை."

டொக்டர் கதிரையைத் திருப்பி அவளுக்கு விளக்கினார். ஓலை, புல், மரக்குச்சி கீறிய காயத்தில் பூஞ்சணம் வளரும். அந்தத் துளி மருந்தில் ஸ்டீரொயிட் என்ற சாமான் இருக்கிறது. அது சிவப்பையும் நோவையும் அமத்தும், ஆனால் கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமத்திவிடும். மேலே கண் வெளுக்கும். உள்ளே பூஞ்சணம் தன்பாட்டில் தின்னும். "எரியிற நெருப்பில எண்ணெய் விட்டிருக்கிறீங்கள் அம்மா. முதல் நாளே வந்திருந்தால் கதை வேறை."

"நான் சொன்னனான்," என்றாள் அன்ரோனெற். "ஓலை குத்தினது எண்டு நான் அந்தாளுக்குச் சொன்னனான் டொக்டர்!"

அவள் அதை டொக்டருக்குத்தான் சொன்னாள். ஆனால் வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கண்ணைச் சுரண்டிப் பரிசோதித்துப் பூஞ்சணம்தான் என்று உறுதி செய்து, மணிக்கொரு தடவை வேறு மருந்து விட்டார்கள். அன்ரோனெற் வாடியைப் பூட்டிவிட்டு வார்ட்டின் வாங்குப் பலகையில் கிடந்தாள். கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. புண் ஆறி வெள்ளைத் தழும்பாக நின்றது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், முன்னால் கை ஆடினால் தெரியும். வேறொருவர் இறந்த பின் கொடுக்கிற கருவிழியை வைத்துத் தைக்கலாம், அதற்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த கிறிஸ்ரி ஒற்றைக் கண்ணோடு வாழப் பழகினார். தேநீரைக் கோப்பையில் ஊற்றினால் கோப்பைக்கு வெளியே ஊற்றுப்படும். படகில் ஏறக் காலைத் தூக்கினால் விளிம்பு அவர் நினைத்த இடத்தில் இருக்காது. ஒருநாள் தண்ணீரில் விழுந்த பிறகு, படகுக்காரர் கரையில் கிழிந்த வலை பொத்துகிற வேலை கொடுத்தார். கிறிஸ்ரி மறுநாளே போய் வலைக்கு முன்னால் இருந்தார்.

மன்னார் கிளினிக்குக்கு மாதாமாதம் காட்டப் போகும்போது அன்ரோனெற் ஸுஹறா மிஸியைப் பிடித்துக்கொள்வாள். ஸுஹறா கண் கிளினிக்கின் தாதி, நிதானமான பெண். கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்வாள்.

"அப்ப கண்ணோய்க்கு என்னதான் மருந்து மிஸி?"

"அநேகமா மருந்தே தேவையில்லை அக்கா. கொதிச்சாறின தண்ணியால துடைச்சு, கையைக் கழுவி, ஒருத்தரின்ர துவாயை மற்றவை பாவிக்காமல் இருந்தால் ஒரு கிழமை, ரெண்டு கிழமையில தானா மாறும். மஞ்சளாப் பீளை ஒட்டினால் டொக்டர் வேறை துளி மருந்து எழுதுவார். காத்துக்கும் வெயிலுக்கும் கண் காய்ஞ்சு உறுத்தினால், கண்ணீர் மாதிரி ஒரு மருந்து பாமசியில இருக்கு, அதை வாங்கலாம். இமையில கட்டி வந்தால் இளஞ்சூட்டுத் துணி வையுங்கோ, நசுக்காதையுங்கோ."

"எப்ப பயப்பட வேணும்?"

"கண் நொந்தால். வெளிச்சம் பாக்கேலாமல் இருந்தால். பார்வை மங்கினால். ஏதும் குத்தினால், அடிபட்டால், சுண்ணாம்போ மருந்தோ தெறிச்சால். அப்ப கடைப்பக்கமே போகாதையுங்கோ. தெறிச்சதெண்டால் முதல்ல தண்ணியால நல்லாக் கழுவிப்போட்டு, நேரே இஞ்ச வரவேணும்."

இவ்வளவுதானா? இதைக் கேட்டதும் அன்ரோனெற்றுக்கு ஆறுதல் வரவில்லை, இன்னும் கொதித்தது. இது பெரிய படிப்பு அல்லவே. ஓலை குத்தியது என்று சொன்ன மனிசியைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த ஆளுக்கு வாய் நொந்ததா? கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மருந்தைத் தெரிந்தவர், இந்தப் பக்கம் நிற்கிற மனுசனைப் பார்க்கவில்லையே.

கிளினிக்கிலிருந்து நேரே பாமசிக்குப் போனாள். கிறிஸ்ரியையும் இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினாள்.

"கறுப்புக் கண்ணாடியைக் கழட்டுங்கோ. இவர் பாக்கட்டும்."

இன்பாஸ் பார்த்தார். அவருடைய முகம் கொஞ்சம் வாடியதை அன்ரோனெற் கண்டாள். ஆனால் கடையில் ஆட்கள் நின்றார்கள்.

"கவலையாத்தான் கிடக்கு அக்கா. ஆனா அதே மருந்தை எத்தினை பேருக்குக் குடுத்தனான்? எல்லாருக்கும் சுகம் வந்தது. உங்கட மனுசனுக்கு மட்டும் இப்பிடி வந்ததெண்டால் அது கடவுள் விட்ட வழி."

"கடவுளோ மஞ்சள் பெட்டி தந்தவர்?"

"சத்தம் போடாதையுங்கோ."

"டொக்டர் எழுதின துண்டு இல்லாமல் ஏன் தந்தனீங்கள்?"

"துண்டு கேட்டால் எங்கட சனம் அடுத்த கடைக்குப் போகும். நான் உதவிக்குத்தானே செய்யிறன்?"

சுவரில் ஒரு பெண்ணின் மருந்தாளர் பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அந்த மிஸ் எங்கே என்று அன்ரோனெற் கேட்டாள். லீவு என்றார் இன்பாஸ். பக்கத்தில் நின்ற கிழவர், "நான் ஒருநாளும் அந்தப் பிள்ளையைக் காணேல்லை," என்று முணுமுணுத்தார். கடையில் ஒரு படித்த பெண்ணின் பெயர் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அன்ரோனெற் அரசாங்கக் கந்தோர்கள் இருக்கும் கச்சேரிப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். முறைப்பாடு கொடுப்பது என்று முடிவெடுத்திருந்தாள். கிறிஸ்ரி நடுத்தெருவில் நின்றுவிட்டார். மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளில் இரண்டு அவரைச் சுற்றிக்கொண்டு போயின.

"வேண்டாம் அன்ரோனெற். ஊர்ப்பகை வேண்டாம். ஒரு கோயில், ஒரு கடற்கரை. நாளைக்கு முகத்தில முழிக்க வேணும்."

"எந்தக் கண்ணால முழிக்கப் போறியள்?"

கேட்டபிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. மருந்துக் கடைகளைச் சோதிக்கும் அரசாங்கப் பரிசோதகர் றிஸ்வி, அவள் முன்பு விசாரித்தபோதே தொலைபேசியில் சொல்லியிருந்தார்: பாதிக்கப்பட்டவர் வந்து வாக்குமூலம் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும். கொடுக்க வேண்டியவர் கழுதைகளுக்கு வழிவிட்டுக்கொண்டு நின்றார். அன்று முறைப்பாடு கொடுக்காமலே வீட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு இருவருக்கும் பல நாட்கள் பேச்சுக் குறைவுதான்.

கிறிஸ்ரி மாறியது பேசாலை பஸ்ஸில். இருவரும் கிளினிக் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன் சீற்றில் ஓர் இளம் தாய், மடியில் நாலு வயதுப் பெண்பிள்ளை. பிள்ளை ஒரு கண்ணைக் கசக்கிக் கசக்கி அழுதது. வெயில் பக்கம் திரும்பினால் முகத்தைத் தாயின் நெஞ்சில் புதைத்தது. தாய் பையைத் திறந்து ஒரு மஞ்சள் பெட்டியை எடுத்தாள்.

"விடாதை!"

பஸ் முழுக்கத் திடுக்கிட்டது. சாரதி பிறேக்கை மிதித்தார். அப்படிக் கத்தியது யார் என்று தேடிய அன்ரோனெற்றுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கிறிஸ்ரி எழுந்து நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அந்தத் தாய்க்கு முன்னால் குனிந்தார்.

"இந்தக் கண்ணைப் பார் பிள்ளை. இந்த மருந்துதான். பிள்ளைக்கு என்ன பட்டது?"

"தெரியாது அண்ணை. மண்ணுக்க விளையாடினவள். பாமசியில..." அந்தப் பெண் பயந்து அழுதாள்.

"இறங்கு. நாங்கள் கூட்டிக்கொண்டு போறம்."

மூன்று பேரும் பிள்ளையுமாக இறங்கி, எதிரே வந்த ஓட்டோவை மறித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். பிள்ளையின் மேல் இமைக்கு உள்ளே ஒரு சின்னச் சிப்பித் துண்டு ஒட்டியிருந்தது. இமை மூடித் திறக்கும்போதெல்லாம் அது கருவிழியைக் கீறியிருக்கிறது. டொக்டர் இமையைப் புரட்டி எடுத்தார். கீறல் ஆறிவிடும் என்றார். ஸுஹறா மஞ்சள் பெட்டியைத் தாயிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்த கிறிஸ்ரி, "அந்தப் பரிசோதகர் எங்க இருக்கிறார்?" என்று கேட்டார்.

றிஸ்வி நேர்மையான உத்தியோகத்தர். வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு, வேறொருவரைச் சாதாரண ஆள்போலப் பாமசிக்கு அனுப்பிக் கண் மருந்து கேட்கச் சொன்னார். துண்டு கேட்கப்படவில்லை. கண் பார்க்கப்படவில்லை. மஞ்சள் பெட்டி மேசைக்கு வந்தது. பின்னாலேயே றிஸ்வி உள்ளே போனார். மருந்தாளர் எங்கே என்றார். லீவு என்ற பதில் அன்றும் தயாராக இருந்தது. சான்றிதழுக்கு உரிய பெண் எங்கோ குருநாகல் பக்கம் வேலை செய்கிறாள் என்பதும் வழக்கில் வெளியே வந்தது.

நீதிமன்றத்தில் இன்பாஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டப்பணம் விதித்தார்கள், மருந்தாளர் வரும்வரை கடையைத் திறக்கக் கூடாது என்றார்கள். எல்லாம் ஒரு தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அன்ரோனெற் எழுந்து, "ஐயா, அப்ப இந்தக் கண்ணுக்கு என்ன தீர்ப்பு?" என்று கேட்டாள். நீதவான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு வேறாக வழக்குப் போட வேண்டும் என்று அமைதியாகவே சொன்னார். பொலிஸ்காரர் அவளை இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை, வெளியே நடந்தாள்.

தீர்ப்பைவிட ஊர் சொன்னதுதான் அவளை எரித்தது. நல்ல மனுசனைக் கோர்ட்டில் ஏற்றினவள் என்றார்கள். இந்த முறை திருநாளுக்கு விளக்குக் குறைவு என்று அவள் காதுபடச் சொன்னார்கள். இப்போது அந்தக் கடையில் நிஸ்லா என்று ஒரு மருந்தாளர் பிள்ளை வந்திருக்கிறாள், அவள் துண்டு இல்லாமல் ஒன்றும் தருகிறாள் இல்லை, முந்தி எவ்வளவு லேசாக இருந்தது என்று றஞ்சிதாவே குறைப்பட்டாள். அன்ரோனெற் வேலியடிக்குப் போனாள்.

"லேசோ? அந்த லேசுக்கு என்ர மனுசன் ஒரு கண் குடுத்தவர். உனக்கு லேசு வேணுமெண்டால் உன்ர கண்ணைக் குடு."

றஞ்சிதா அதற்குப் பிறகு வெகுநாள் அந்தப் பக்கம் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்றிருந்தாள் அன்ரோனெற்.

ஆனாலும் கண் சிவந்தவர்கள் அவளிடம்தான் வருகிறார்கள். முதலில் ஒளித்து ஒளித்து வந்தார்கள், இப்போது நேரே வாடிக்கே வருகிறார்கள். அவள் மீனை வெட்டிக்கொண்டே, நோகுதா, மங்குதா, ஏதும் பட்டதா என்று பொலிஸ்போலக் கேட்பாள். "என்னட்டை மருந்துப் பேர் கேக்காதையுங்கோ. நான் டொக்டர் இல்லை. இந்த ஊரில டொக்டர் இல்லாத டொக்டர்மார் இருந்ததே காணும்," என்பாள்.

போன மாதம் டிலோஜன் என்ற இளைஞனுக்கு, வலை இழுக்கும்போது மிதப்புக்கட்டை தெறித்துக் கண்ணில் அடித்தது. நல்ல மீன்பாடு, கடலுக்குப் போகவேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று படகைத் தள்ளிக்கொண்டு நின்றான். அன்ரோனெற் கருவாட்டுக் கூடையைப் போட்டுவிட்டு இறங்கிப் போய், அவன் கையைப் பிடித்து இழுத்து, மோட்டார் சைக்கிள் சாவியையும் பறித்தாள். "இந்தக் கண்ணோட ஓட்டாதை. ஏறடா பஸ்ஸில," என்றாள். அவன் முறைத்தான். கிறிஸ்ரி வலையை வைத்துவிட்டு எழுந்து வந்து, அவனுடைய மற்றக் கையைப் பிடித்தார்.

கண்ணுக்குள்ளே இரத்தம் கசிந்திருந்தது. அசையாமல் படுக்க வைத்து, கண்ணின் அழுத்தத்தை அடிக்கடி பார்த்து, மருந்து விட்டார்கள். நேரத்துக்கு வந்தபடியால் பார்வை தப்பியது என்றார் டொக்டர்.

டிலோஜன் வீட்டுக்கு வந்து கடற்கரையில் சொன்ன முதல் கதை, அன்ரோனெற் அக்காவால் தனக்கு ஒரு கிழமை மீன்பாடு போய்விட்டது என்பதுதான். அது அவள் காதுக்கு எட்டியது. வாடியிலிருந்து அவள் ஏசின ஏச்சு, அன்று காற்று எதிர்த்து அடித்தபோதும், படகுத்துறை வரைக்கும் கேட்டது.